பதினேழுக்கு ஒரு தனி லைன்

“முதல் லைன்ல மட்டும் கை வெக்காத சைமா. மீதி எத வேணா வெட்டு.”

சொல்லிவிட்டு, காலேஜ் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிற மோகன்குமார் சார் மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

கை வெக்காதே என்றால், சைமாவின் கை முதலில் அங்கேதான் போகும்.

உத்திரமேரூர் தாண்டி இருக்கிற இன்ஜினீயரிங் காலேஜ் அது. ஹாலில் புரொபசர் எடுக்கிற பாடம் வீடியோவாக ஒரே தடவை கிளம்பும். எந்த மெஷினெல்லாம் கேட்கிறதோ, அதற்கெல்லாம் போய்ச் சேரும். மல்டிகாஸ்ட் என்பார்கள். நடுவில் வாட்ச்மேன் மாதிரி ஃபயர்வால். அதில் நூற்றிப்பத்து லைன் ரூல். மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, முதலில் எது பொருந்துகிறதோ அதன்படி நடக்கும். லைன் கூடக் கூட வீடியோ திக்கும்.

அதைக் குறைக்கிற வேலைதான் சைமாவுக்கு. பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஆபீசில் டைப் அடிக்க வந்தவள். டைப் அடிக்கிற சாக்கில் தினமும் அந்தப் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் தெரியாது என்று நினைப்பு.

போன வாரம்தான் கரஸ்பாண்டன்ட் கத்தியிருந்தார். “ஃபீஸ் கட்டினவன் பாக்குற பாடத்த ஆபீஸ் ஆளுங்க ஓசில பாக்குறாங்களாம்! அடைக்காத மோகன். விட்டுப் புடி. வெள்ளிக்கிழம லிஸ்ட் வேணும். அன்னிக்கே சீட்டக் கிழிக்கறேன்.”

சைமா முதல் லைனைப் பார்த்தாள்.

மெஷின் 17 – விடு.

பதினேழு அவளுடைய மெஷின்.

“இன்னாடி, மூஞ்சி இப்படி செவந்துகீது?” என்றாள் பக்கத்து சீட் அம்முலு.

“சிரிச்சி சிரிச்சிப் பேசிக்கினே எனக்குக் கண்ணி வெச்சிகீறாரு அந்த சார்! கீழ பாரு, ‘ஆபீஸ் மெஷின் எல்லாம் – விடு’ன்னு ஒரு லைன் கீது. அதுவே போதும்ல? அப்புறம் எனுக்கு மட்டும் இன்னாத்துக்குத் தனி லைன்?”

கீழ் லைனின் வாலில் குட்டியாக மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதையெல்லாம் யார் பார்த்தது?

“தொடாதன்னு சொன்னாரேடி.”

“ஆமா, நான் மாட்டணும், அவுரு நல்ல பேரு வாங்கணும். நல்லாகீதே நாயம்!”

வெட்டினாள். அந்த வேகத்தில் மற்றதையும் வெட்டினாள். நூற்றிப்பத்து, பதினெட்டானது. வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடியது. அன்றைக்கும் மறுநாளும் பயமில்லாமல் பாடம் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லிஸ்ட் போனது. மூன்று மெஷின். மூன்றாவது, பதினேழு.

“நாளையிலேர்ந்து வராத” என்றார் கரஸ்பாண்டன்ட். ஏன் பார்த்தாய் என்றுகூடக் கேட்கவில்லை.

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே மோகன்குமார் முன்னால் போய் நின்றாள்.

“இப்ப சந்தோஷமா சார்? எம் மெஷினுக்குத் தனியா லைன் போட்டுப் புடிச்சிக் குடுத்துட்டீங்கள்ல?”

அவர் ஸ்கிரீனில் மேலேயும் கீழேயும் தேடினார்.

“அந்த லைன் எங்கம்மா?”

“வெட்டிட்டேன். அதான் கீழ ஒண்ணு கீதே, அதுவே வுடும்ல?”

“வுடும்மா. கடைசில மூணெழுத்து கீது பாரு, அது பேர எழுதிக்கினுதான் உள்ள வுடும். ஒன் லைன்ல மட்டுந்தான் நான் அதப் போடல.”