மூடிய வலது கை

பாடியில் ஓர் ஆஸ்பத்திரியின் ஓட்டுக் கொட்டகை. கண்ணாடி ஓடு வழியாக மூன்று மணி வெயில் மேசைமேல் விழுகிறது. தொழில்வழிச் சிகிச்சையில் பட்டப்படிப்பு படிக்கும் ஷம்ஷாத், செங்கல்வராயனுக்கு இடது கையால் சட்டைப் பொத்தான் போடப் பழக்குகிறாள். அவருடைய வலது கையைப் போன சித்திரையில் தொழிற்சாலை பிரஸ் மிஷின் மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது. நாலாவது பொத்தான் துளைக்குள் நுழையும்போது பக்கத்துத் தொழிற்சாலையில் சங்கு ஊதுகிறது. அவர் முகம் வெளிறிப் போகிறது. “என்னாச்சுண்ணே?” “வலது கை இறுக்க மூடிக்கினு கீதும்மா. நகம் உள்ளங்கையில குத்துது. தொறக்க முடியல.” ஷம்ஷாத் மேசையைப் பார்க்கிறாள். அங்கே வெயில் மட்டும் கிடக்கிறது. இல்லாத கையும் வலிக்கும் என்று வகுப்பில் சொன்னார்கள். வலித்தால் என்ன செய்வதென்று சொல்லவில்லை. “ரெண்டு கையையும் சேர்த்துத் தொறங்க,” என்கிறாள். “மெதுவா. மொதல்ல கட்டைவிரல்.” அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். இடது கை விரல் விரலாக விரிகிறது. நெற்றியில் வேர்வை அரும்புகிறது. சுண்டுவிரல் நீண்டதும் பெருமூச்சு விடுகிறார். “தொறந்துக்கிச்சும்மா. கொஞ்ச நேரம் இப்டியே மேசைமேல கெடக்கட்டும்.” ஷம்ஷாத், அந்தக் கையில் இடித்துவிடக் கூடாதென்று, மேசையிலிருந்து தன் முழங்கையை மெல்ல விலக்கிக்கொள்கிறாள்.