வடக்கு மூலை முடிச்சு

“சாயங்காலம் வரைக்கும் குளத்துப் பக்கம் போகாத, ஓபல். மூடினது மூடினபடியே இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு அவள் கணவர் வெல்டன் பூட்ஸைக் கழற்றினார்.

ஓபல் தலையாட்டினாள். குளிர் காற்று வீசும் நாளில் குளத்தின் மேல் விரித்த பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்சச் சூடும் போய்விடும். நாற்பது வருஷமாக மீனோடு மல்லுக்கட்டுகிறவளுக்கா இது தெரியாது?

இரண்டு நாளாக அவர் கண் மூடவில்லை. வடக்கேயிருந்து வந்த குளிர் ஃபுளோரிடாவையே விறைக்க வைத்திருந்தது. வெதுவெதுப்பான கிணற்றுத் தண்ணீரைப் பம்பு இடைவிடாமல் குளத்துக்குள் கொட்டினால்தான் விற்பதற்காக வளர்க்கும் மோலி என்ற அலங்கார மீன்கள் பிழைக்கும். அதைக் காவல் காத்துக் காத்து அவர் முகமே கறுத்துப்போயிருந்தது. காப்பிகூட வேண்டாம் என்று கட்டிலில் விழுந்தவர், “டார்லா போன் பண்ணினாளா?” என்று மட்டும் கேட்டார். பதில் வருமுன் தூங்கிவிட்டார்.

ஓபலுக்கும் அலுத்துவிட்டது. பன்னிரண்டு குளம் இருந்த இடத்தில் இப்போது மிச்சம் ஒன்றே ஒன்று. அவளுடைய விரல் மூட்டுகளெல்லாம் வீங்கிக் கிடந்தன. இந்த ஈரத்தை விட்டுப் போனால்தான் கை தேறும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது. வறண்ட அரிசோனாவில் மகள் டார்லா இவர்களுக்கென்று ஓர் அறையையே ஒழித்து வைத்திருந்தாள்.

ஆனால் வெல்டன் வாயை விட்டிருந்தார். போன நவம்பரில், தேவாலய விருந்தில், பக்கத்து ஸ்ட்ராபெர்ரித் தோட்டக்காரர் ஒருவர், “எப்பய்யா கடையைக் கட்டப் போற?” என்று சும்மா சீண்டப்போக, “எங்கப்பா வெட்டின குளம். அதுல ஒரே ஒரு மீன் உயிரோட இருந்தாக்கூட நான் இந்த எடத்தை விட்டு நகர மாட்டேன்,” என்று ஊரே பார்க்க மேஜையைத் தட்டிச் சொன்னார். சொன்ன வாயால் மாற்றிப் பேச அந்த மனிதருக்கு வராது. ஓபல் அன்றைக்குத் தட்டு கழுவும் சாக்கில் எழுந்து போய்விட்டாள்.

அவர் படுத்து இரண்டு மணி நேரம் இருக்கும். துணி துவைக்கும் மெஷின் ஓடி நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பம்புச் சத்தம் இல்லை.

அவருடைய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினாள். கொட்டகையில் பம்பு சுவிட்ச் அணைந்திருந்தது. பழைய சுவிட்ச், அவ்வப்போது இப்படித் தானாக அணைந்து உயிரை வாங்கும். போதாக்குறைக்கு, வடக்கு மூலையில் பிளாஸ்டிக்கைக் கட்டிய கயிறு அவிழ்ந்து, காற்று உள்ளே புகுந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வெல்டன் போட்ட முடிச்சு அவிழ்ந்து அவள் பார்த்ததே இல்லை. பாவம், கை தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

தண்ணீரில் கையை விட்டாள். சில்லென்று இருந்தது. மீன்கள் அடியில் போய் ஒடுங்கியிருந்தன.

அப்படியே நின்றாள். திரும்பி வீட்டுக்குள் போய்விட்டால் போதும். யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அடுத்த மாதம் அரிசோனா வெயிலில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். நினைக்கும்போதே வலி குறைந்த மாதிரி இருந்தது.

ஆனால் பதினைந்து வருஷத்துக்கு முன்னால், இதே போன்ற குளிரில் நாலு குளம் மொத்தமாகப் போனபோது, அவர் ஒரு மாதம் யாரோடும் பேசாமல் கிடந்தது நினைவுக்கு வந்தது. அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது. இப்போது தாங்க மாட்டார்.

“சனியன் பிடிச்ச மீனு,” என்று அழுதுகொண்டே சட்டைக் கையை மடித்தாள்.

நின்றுபோன பம்பு சுவிட்சைப் போட்டதும் ஓடிவிடாது. அதன் வாய் வழியாகத் தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் இழுக்க வைக்க வேண்டும். அடுப்பில் வெந்நீர் போட்டு, வாளி வாளியாகச் சுமந்தாள். குழாயில் பிடிக்க ஆரம்பித்திருந்த ஐஸை வெந்நீர்த் துணி சுற்றிக் கரைத்தாள். பதினோராவது வாளிக்குப் பம்பு இருமிச் செருமி, ஒரு வழியாகத் தண்ணீரைக் கக்கியது. வடக்கு மூலைக் கயிற்றை அந்த விரல்களாலேயே இழுத்துக் கட்டினாள். முடிச்சு நிற்கவில்லை. பழைய டயர் இரண்டை உருட்டி வந்து அந்த மூலையின் மேல் போட்டாள். திரும்ப நின்றுவிட்டால் என்ன செய்வது என்று மத்தியானம் வரை கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மணிக்கு வெயில் வந்தது. பின்னாலேயே வெல்டனும் வந்தார், ஒரு கையில் வலையும் இன்னொரு கையில் பெரிய காலி வாளியுமாக. பம்புச் சத்தம் கேட்டதும் வழியிலேயே நின்றுவிட்டார்.

ஓபல் பிளாஸ்டிக்கை ஒரு பக்கம் விலக்கிக் காட்டினாள். கறுப்பும் ஆரஞ்சுமாக மோலிகள் கூட்டமாய் மேலே வந்து தீனி கேட்டு வாயைத் திறந்து திறந்து மூடின.

“நீ படுத்ததும் சுவிட்ச் தானா அணைஞ்சு போச்சு. நான் பாத்துக்கிட்டேன். ஒண்ணுகூடச் சாகல, வேணா எண்ணிக்கோ,” என்றாள். இரண்டு நாளைக்கு அப்புறம் இப்போதாவது அவர் சிரிப்பார் என்று முகத்தையே பார்த்தாள்.

வெல்டன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். வீங்கிச் சிவந்திருந்த அவள் விரல்களை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“சுவிட்ச் தானா அணையல, ஓபல்,” என்றார். “உன்னை அரிசோனாவுக்குக் கூட்டிட்டுப் போக எனக்கு வேற வழி தெரியல.”