செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல

“வண்டி செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. ஏன்னு கண்டுபிடிங்க. அதுதான் இன்டர்வியூ” என்றார், வேனிலிருந்து இறங்கியவர்.

வரச்சொன்ன நேரத்துக்கு முன்பே அவள் வந்துவிட்டிருந்தாள். லாண்டரி கம்பெனியின் ஆபீஸ் இன்னும் திறக்கவில்லை. கொல்லைப்பக்கம் வண்டிச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், ஒரு பழைய வேனுக்குள் இவர் சாவியைத் திருகுவதும் நெற்றியைத் துடைப்பதுமாக இருந்தார். மெக்கானிக் இன்டர்வியூவுக்கு வந்திருப்பதாகச் சொன்னாள். அவளையும் அவள் கையிலிருந்த டூல்ஸ் பையையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. ஓர் அதிகாரிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவள் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டார்கள். அதன்பிறகு ஏறி இறங்கிய இடத்திலெல்லாம் “டைப்பிங் தெரியுமாம்மா?” என்றுதான் கேட்டார்கள். வண்டிப் பக்கமே விடவில்லை. “உங்களை நம்பி எந்த மடையன் வண்டியைக் குடுப்பான் அண்ணி?” என்று நாத்தனார் தினமும் அக்கறையாக விசாரித்தாள். இந்த வேலையும் இல்லையென்றால் ஸ்பேனர்களை எடைக்குப் போட்டுவிட்டு, நாத்தனார் கைகாட்டும் துணிக்கடையில் போய் நிற்க வேண்டியதுதான்.

“ஆரம்பிக்கட்டுமா சார்?”

“ஆரம்பிங்க. என்ன செய்றீங்கன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யணும். சீக்கிரம் முடிச்சா மார்க் அதிகம்.”

அவள் பானெட்டைத் தூக்கினாள். “ஒரு தடவை செல்ஃப் அடிங்க சார்.”

இன்ஜின் நன்றாகவே சுற்றியது. பிடிக்கத்தான் இல்லை.

“பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் நல்லா இருக்கு. அடுத்து பிளக்ல நெருப்பு வருதான்னு பார்க்கணும்.”

“ஏன் அதை முதல்ல பார்க்குறீங்க?”

ஒன்றும் தெரியாதவர் மாதிரியே கேட்டார். கைதேர்ந்த அதிகாரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“நெருப்பு, பெட்ரோல், காத்து. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் ஓடாது சார். நெருப்பைப் பார்க்கறது சுலபம்.”

பிளக்கைக் கழற்றி வயரோடு இன்ஜின் மேல் வைத்தாள். அவர் செல்ஃப் அடித்தார். நீலமாகப் பொறி பறந்தது.

“நெருப்பு இருக்கு. ஆனா பிளக் காய்ஞ்சு கிடக்கு. பெட்ரோல் வந்து சேரலை.”

“டேங்க்ல நிறைய இருக்கே? நான் முள்ளைப் பார்த்தேனே!”

“இருந்தா போதுமா சார், பம்ப் தள்ளணும். சாவியைப் போடுங்க, கேட்கறேன்.” பிளக்கை மாட்டிவிட்டு, குனிந்து டேங்க் பக்கம் காதை வைத்தாள். “மூச்சே காணோம்.”

அவர் கேட் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார். அடுத்து வருகிறவர்கள் காப்பி அடித்துவிடக் கூடாதல்லவா.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்த்ததில் பம்ப்புக்குக் கரண்ட் வரவில்லை.

“அப்ப நடுவுல எங்கேயோ கட் ஆகுது. நீங்கதான் வேணும்னே பண்ணி வச்சிருக்கணும்” என்று சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. “கண்டுபிடிங்க” என்றார்.

வயரைத் தடவிக்கொண்டே போனாள். கம்பெனி வயரெல்லாம் ஒரு நிறம், நடுவில் ஒட்டுப் போட்டது ஒன்று மட்டும் வேறு நிறம். அது தரை விரிப்புக்கு அடியில் புகுந்து டிரைவர் சீட்டுக்குக் கீழே போனது. அங்கே பொத்தான் மாதிரி ஒரு சின்ன ஸ்விட்ச். அமுக்கினாள். டேங்க்கில் பம்ப் ரீங்காரமிட்டது. சாவியைத் திருப்பினாள். வேன் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

“சே! இவ்வளவுதானா?” என்றார் அவர், நிஜமாகவே எரிச்சலோடு.

“சார், ஒண்ணு கேட்கலாமா? பொம்பளை எப்படி இந்த வேலை செய்வேன்னு நீங்க கேட்கவே இல்லையே?”

“எனக்கு வண்டி ஸ்டார்ட் ஆகணும். யாரு பண்ணா என்ன?”

இப்படி ஒரு மனுஷரை அவள் பார்த்ததே இல்லை.

“வேலை கிடைச்சிடுமா சார்?”

“என் கையில இருந்தா இப்பவே குடுத்துடுவேம்மா. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு வர்றேன், அந்தப் பின்பக்கக் கேட்டைக் கொஞ்சம் திறந்து விடுங்க.”

ஓடிப்போய் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டாள். வேன் சர்ரென்று வெளியேறியது.

ஆபீஸ் வாசலுக்குத் திரும்பி வந்தபோது, வழுக்கைத் தலையர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

“இன்டர்வியூவுக்கு வந்தவங்களுக்கு ரிசல்ட் எப்ப சொல்லுவாங்க சார்?” என்று கேட்டாள்.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “மெக்கானிக் வேலைக்கா? நீங்களா?”

“ஏன் சார்?”

“நான்தாம்மா முதலாளி. இன்டர்வியூ எடுக்கறதும் நான் ஒருத்தன்தான். இது பொம்பளைங்க சமாளிக்கிற வேலை இல்லை. பின்னாடி நிக்குதே வேன், அதுக்குச் சாவியைக்கூட நான் எடுக்கறதில்லை, தெரியுமா? திருடன் வந்தாலும் செல்ஃப்தான் அடிக்கும், கிளம்பாது. அப்படி ஒரு ரகசிய ஸ்விட்ச் வச்சிருக்கேன். பெரிய பெரிய மெக்கானிக்கெல்லாம் தேடித் தலையைப் பிச்சுக்கிட்டான். அது எங்கே இருக்குன்னு நீங்க சொல்லிடுங்க பார்ப்போம், இந்த நிமிஷமே வேலை!”

அவள் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். வேன் இன்னும் திரும்பியிருக்கவில்லை.

“டிரைவர் சீட்டுக்கு அடியில இருந்துச்சு சார்” என்றாள் ஒருவழியாக.