விரலை எடுக்காதே

"விரலை எடுத்தா கதை முடிஞ்சுது, மாப்ளே. கொஞ்சம் பேசாம இரு" என்றார் எலெக்ட்ரீஷியன். அவருடைய கட்டைவிரல் மஞ்சள் பொத்தானை அழுத்தியிருந்தது.

தொழிற்சாலையின் மின்பலகை அறை அது. மின்சாரம் ஓடும் இடத்தில் தண்ணீரைப் பீய்ச்ச முடியாது. அதனால் புகை பட்டவுடன் சைரன் அலறும், அரை நிமிடத்தில் கரியமில வாயு கொட்டும். தீ மூச்சுத் திணறி அணையும். அறையில் ஆள் இருந்தால் ஆளும் அப்படித்தான்.

மஞ்சள் பொத்தானைப் பிடித்திருக்கும்வரை வாயு காத்திருக்கும். எதையாவது செருகிவிட்டு யாரும் போய்விடக் கூடாதென்று, பொத்தானைக் குழிக்குள் வைத்து அடியில் ஸ்பிரிங்கும் போட்டிருந்தார்கள். அதற்கு உயிருள்ள விரல்தான் வேண்டும்.

உள்ளிருந்து தள்ளினாலே திறக்க வேண்டிய கதவு. செம்புக் கம்பி திருட்டுப் போகிறதென்று மேனேஜர் அதற்கு ஒரு பூட்டுப் போடச் சொன்னார். இன்று சாப்பாட்டு மணி அடித்ததும், பலகைக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று எட்டிக்கூடப் பார்க்காமல் வாட்ச்மேன் பூட்டிவிட்டுப் போனார். கீழே அட்டைப்பெட்டிக் கிடங்கில் பிடித்த தீயின் புகை, இப்போது கதவுக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தது.

"வாட்ச்மேனுக்கு போன் அடிச்சீங்களா, மச்சான்?"

"அடிச்சேன். சாவியோட ஓடி வர்றாராம். அவர் ஓடுற ஓட்டத்துக்கு ஆமையே முந்திக்கும்."

"திருடனுக்குப் போட்ட பூட்டு. வேலை செய்யறவன் மாட்டினான்."

எலெக்ட்ரீஷியன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாக மாறி, நிற்காமல் வந்தது.

"என்ன மச்சான் இப்படி இருமுறீங்க? புகை ஜாஸ்தியா?"

"பீடி இருமல், மாப்ளே. நான் சேர்த்த ஒரே சொத்து."

கண் எரிந்தது. கட்டைவிரல் மரத்துப்போனது. அதன் மேலேயே மறு கையின் கட்டைவிரலையும் வைத்து அழுத்தினார்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க தங்கச்சிகிட்ட..."

"நீயே போய்ச் சொல்லு. கட்டிக்கிட்டது நீ, திட்டு வாங்கறது நானா?"

சைரன் அலறிக்கொண்டே இருந்தது. எலெக்ட்ரீஷியன் சுவரோடு சரிந்தார். உடம்புதான் சரிந்தது, விரல் சரியவில்லை.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். சாவிக்கொத்து குலுங்கியது. ஒரு சாவி சேரவில்லை, அடுத்ததும் சேரவில்லை. மூன்றாவதற்குப் பூட்டு வாயைத் திறந்தது.

"ஓடுங்க!" என்று வாட்ச்மேன் கத்தினார்.

மூவரும் விழுந்தடித்துப் படியிறங்கி முற்றத்தில் வந்து சாய்ந்தபோது, மேலே வாயு சீறும் சத்தம் கேட்டது.

எலெக்ட்ரீஷியனின் முகம் அடுப்புக்கரியாய்க் கறுத்திருந்தது. மாப்பிள்ளையின் சட்டை அப்படியே வெள்ளையாக இருந்தது. மாப்பிள்ளை தன் சட்டையைப் பார்த்தார், மச்சானின் முகத்தைப் பார்த்தார்.

"பூட்டினது என்னை மட்டும்தானே, மச்சான்... கதவுக்கு வெளிய நின்ன நீங்க ஏன் ஓடல?"