காலையில் பார்த்த வீடு

சுதந்திரம் கிடைத்த மறுவருடம், மகனின் கல்லூரிப் படிப்புக்கு உபகாரச் சம்பளம் கேட்டு எழுதிப்போட்டிருந்தார் நாகரத்தினம். வீட்டு நிலவரத்தை விசாரிக்க ஓர் அதிகாரி அவர்கள் குடியிருந்த காஜா பெராங்குக்கு வருவதாகத் தகவல் வந்தது.

அன்று விடிந்ததுமே ரேடியோவும் தையல் மிஷினும் நாற்காலிகளும் பக்கத்து மரியம் வீட்டுக்குப் போய்விட்டன.

"சேமிப்பு ஏதும் இருக்கா?" என்று பாயில் உட்கார்ந்தபடி கேட்டார் அதிகாரி.

"அன்னாடம் சம்பாதிச்சு அன்னாடம் சாப்பிடுறோம் சார்."

"நகை?"

மனைவி புஷ்பவேணி கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றைத் தொட்டுக் காட்டினாள். அதிகாரி உச்சுக்கொட்டி எழுதிக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் சாமான்கள் திரும்பி வந்தன. சாயந்தரம் மகளைப் பெண் பார்க்க புக்கிட் ரம்பாயிலிருந்து வருகிறார்கள், வசதியான இடம். ரேடியோ பாடியது. புஷ்பவேணி கழுத்தில் இரட்டைவடச் சங்கிலி ஏறியது.

மாப்பிள்ளை வீட்டாரின் கார் வந்து நின்றது. கடைசியாக இறங்கிய தாய்மாமனைப் பார்த்ததும் நாகரத்தினம் உள்ளே ஓடி ரேடியோவை அணைத்தார். காலையில் வந்த அதே அதிகாரி.

அவர் நாற்காலியில் சாவகாசமாக அமர்ந்து, நாகரத்தினத்துக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"காலையில பார்த்த வீட்டுக்கு உபகாரச் சம்பளம் உண்டு. இப்பப் பார்க்கிற வீட்டோட சம்பந்தம் உண்டு. இதுல உங்க வீடு எதுன்னு நீங்களே சொல்லிருங்க."