முப்பத்தேழு டிகிரி

அந்த ஆய்வுக்கூடத்தில் உலையை இயக்குபவர் அவர். அவருடைய மகள் அங்கேயே ஆராய்ச்சி செய்தாள். கார்பன் நானோ குழாய்கள் வளர எழுநூறு டிகிரி சூடு வேண்டும். தகட்டில் இரும்பும் நிக்கலும் பூசி, குறைந்த சூட்டிலேயே வளர்த்துக் காட்டுவேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். "நானூறுக்கு இறக்கிடுவேன்ப்பா, பாருங்க" என்பாள். சாலை விபத்தில் அவள் போய் ஒரு மாதமாகிறது.

அவள் பூசி வைத்திருந்த கடைசித் தகட்டை உலைக்குள் வைத்து, வாயுவைத் திறந்துவிட்டார். சூடேற்றும் சுவிட்சை இன்னும் போடவில்லை. இருபது டிகிரி ஏசி அறையிலும் மீட்டர் முப்பத்தேழு காட்டியது. ஒரு மணி நேரத்தில் தகடு கறுத்துவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால், குழாய்கள் நாற்றுப் போல அடர்ந்து நின்றன.

"மீட்டர் மக்கர் பண்ணுதுண்ணே" என்றார் பேராசிரியர்.

"இருக்கும் சார். அப்ப இது எப்படி வளர்ந்துச்சு?"

பேராசிரியர் மீட்டரை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். அவர் போனபின் இவர் உலைமேல் உள்ளங்கையை வைத்தார். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டால் தெரியுமே, அந்தச் சூடு.

மறுநாள் முப்பத்தைந்து. அதற்கடுத்த நாள் முப்பத்தொன்று. உலையை யாரையும் தொடவிடவில்லை. "இன்னைக்கு வேணாம் சார்" என்பதோடு சரி.

இருபத்துமூன்றுக்கு வந்த காலையில், போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி உலையைச் சுற்றிப் போர்த்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, இரு கைகளாலும் உலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இரும்மா" என்றார்.

சாயங்காலம் வரை எண் இறங்கவில்லை.