முகவரிக்கு உரிய தாய்

கணவனோடு மூண்ட சண்டையில் மெர்சிலின் தன் மின்னஞ்சல் கணக்கை அழித்துவிட்டாள். பின்னர் மனம் மாறி அதே முகவரியைக் கேட்டபொழுது, அது கோமதி என்னும் வேறொருத்திக்கு வழங்கப்பட்டிருந்தது. மகள் படித்த பள்ளியோ அம்முகவரிக்கு உரியவளையே தாயென்று கொண்டது. சேர்க்கையன்று பதிந்ததை மாற்ற அங்கே விதி இல்லை.

ஆகவே மாலைதோறும் கோமதியே வந்து, கைப்பேசியில் அம்முகவரியை வாயிலில் காட்டிக் குழந்தையை அழைத்துக்கொண்டு, வெளியே காத்திருக்கும் மெர்சிலினிடம் ஒப்படைப்பாள்.

“பாப்பா மத்தியானம் வாந்தி எடுத்துருக்கா. எனக்குத்தான் சேதி வந்துச்சு,” என்றாள் கோமதி ஒருநாள்.

மெர்சிலின் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“இன்னொண்ணும்மா. ஒம்புருஷன் இன்னும் இந்த முகவரிக்குத்தான் மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்புதாரு. எங்க வீட்டுக்காரரு மொறைக்காரு. பேசாம கணக்கை அழிச்சிரலாம்னு இருக்கேன்.”

முகவரி வரிசையில் காத்திருக்கும் வேறொருத்திக்குப் போய்விட்டால், அடுத்த தாயாக எவள் வாய்ப்பாளோ என்று மெர்சிலின் கோமதியின் கையைப் பற்றிக்கொண்டாள்.

“அக்கா, ஒங்களக் கும்புடுதேன், அத மட்டும் செஞ்சிராதீய.”

“அப்ப மொதல்ல அவருகிட்டப் பேசு.”

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுமுன்னரே மெர்சிலின் கணவனைப் பார்த்துச் சொன்னாள்: “இங்க பாருங்க, எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னா இனிமே வாயாலயே கேளுங்க.”